பத்தொன்பது சேலையும் பத்தொன்பது நாளும்

நான் குமாஸ்தாவாக இருந்து தேய்ந்த கிளை அலுவலகத்துக்கு ஆண்டு விழாவாம். மலர் போடுகிறார்களாம். இப்போதைய மேலாளர் போன் செய்தார். "சார், உங்க சர்வீஸ் அனுபவத்தை ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் சார்." ஓய்வு பெற்றவனிடம் அனுபவம் கேட்பவர்கள் எல்லாருமே இப்படித்தான். அனுபவம் வேண்டும், அதில் நடந்தது மட்டும் வேண்டாம்.

சரி என்று போனை வைக்கப் போனேன். அவர் விடவில்லை. "இப்பல்லாம் ரொம்ப ஈஸி சார். எல்லாம் ஆப்புல வந்துடுச்சு. தகுதி இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிடும். உங்க காலம் மாதிரி ஆளுங்க வந்து கவுன்ட்டர்ல நிக்கவே வேணாம்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகம் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம். ஆலையிலோ, கம்பெனியிலோ, தறிக்கூடத்திலோ வேலை செய்கிறவர்களின் சம்பளத்திலிருந்து மாதா மாதம் கொஞ்சம் பிடிப்பார்கள். முதலாளியும் தன் பங்கைக் கட்டுவார். பதிலுக்கு, உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்கு நாங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் முதலில் நன்றாகத்தான் இருந்தது.

பயிற்சிக்கு மூன்று வாரம் சென்னைக்கு அனுப்பினார்கள். தொழிலாளி எப்படி எல்லாம் பொய் சொல்வான், டாக்டர் சான்றிதழில் தேதியை எப்படித் திருத்துவான், ஊரில் அறுவடை என்றால் எப்படிக் காய்ச்சல் வரவழைத்துக்கொள்வான் என்று விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலாளி அனுப்பும் காகிதத்தில் தப்பு இருக்குமா என்பதைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லை. மதியச் சாப்பாடு மட்டும் பிரமாதமாக இருந்தது.

நான் படவேட்டுக்காரன். நிலம் நீச்சு என்று வளர்ந்தவன். வேலை ஆரணியில் என்று ஆனதும் கண்ணமங்கலத்தில் வீடு பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன், பிறகு ஆரணிக்கே குடிவந்தேன். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். இருபது வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்தேனா என்றால் இல்லை. அரசாங்க உத்தியோகம் என்றால் கழுத்து ஒரு பக்கமாக மட்டும்தான் திரும்பும்.

எங்கள் விதியையும் சொல்லிவிடுகிறேன், ஒரே தடவை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை எழுபத்தெட்டு நாளாவது கூலிக்கு வேலை செய்திருந்தால், அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை நோய்வாய்ப்பட உங்களுக்கு உரிமை உண்டு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை செய்த வேலைக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. நடுவில் சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவராக இருந்தால், திரும்பிய கையோடு படுக்கக் கூடாது; நீங்கள் மறுபடி சேர்த்த நாட்கள் பலன் தருகிற காலம் வரும்வரை உடம்பைத் தாஜா செய்துகொண்டு இருக்க வேண்டும். அப்படி முறையாகக் காத்திருந்து படுத்தாலும் முதல் இரண்டு நாளுக்கு ஒன்றும் கிடையாது. நோய் நிஜமாகவே வந்திருக்கிறதா, சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? இந்த விதியை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு நாளும் படுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த விதிக்கு ஏற்ற மேலாளர் எனக்கு வாய்த்தார். பெயர் வேதகிரி. பெரிய ஆள் இல்லை, சத்தம் போட மாட்டார், கை நீட்டி ஒரு ரூபாய் வாங்க மாட்டார். அதனாலேயே அவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேஜை மேல் ஒரு மர ஸ்கேல் வைத்திருப்பார். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த தாளை விரித்து, விண்ணப்பம் போட்டவரின் பெயருக்குக் கீழே அந்த ஸ்கேலை வைப்பார். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு மாதமாகத் தட்டிக்கொண்டே போவார். கடைசியில் எண்ணை மெல்லச் சொல்வார். எண் குறைவாக இருந்தால் அவர் குரல் இன்னும் மென்மையாகிவிடும். "விதி பேசுதும்மா. நான் பேசல."

மேஜை விசிறியை ஃபைல்கள் பக்கம் திருப்பி வைத்திருப்பார். எதிரில் நிற்கிறவர்களுக்குக் காற்று வராது. ஃபைல்களுக்கு வியர்க்கும் என்று பயந்தாரோ என்னவோ. அவருடைய வாழ்நாள் பெருமை ஒன்றே ஒன்றுதான்: அவர் காலத்தில் எங்கள் கிளைக்கு ஒரு தணிக்கை ஆட்சேபணைகூட வந்ததில்லை. கொடுக்காத பணத்துக்கு யார் ஆட்சேபணை எழுப்பப் போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்வார். ஊரில் பத்துப் பன்னிரண்டு தறி போட்ட ஒரு பட்டுக் கூடம் எங்களிடம் பதிவாகி இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே நெய்கிறவர்கள் ஒருவர்கூட எங்களிடம் தகுதி பெற்றதில்லை. யார் விண்ணப்பம் வந்தாலும் பதினாறு நாள், இருபது நாள் என்றுதான் இருக்கும். வேதகிரி ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு சொல்வார்: "இந்த நெசவுக்காரங்க ஒழுங்கா வேலைக்கே வர மாட்டாங்கய்யா. நோய்னா மட்டும் ஜல்தியா வந்துடுவாங்க." நான் தலையை ஆட்டுவேன். தலையை ஆட்டத்தானே எனக்குச் சம்பளம்.

அந்தக் கூடத்திலிருந்துதான் சகுந்தலா வந்தார். பொங்கல் முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். நாற்பது வயதுக்காரர். வேலூரில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்து, தையல் பிரித்த நான்காம் நாள். சான்றிதழை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. வேதகிரி மட்டும் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்பார். ஆட்டோவில் வந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, மேஜை முன்னால் வந்து நின்றார். நாங்கள் யாரும் நாற்காலியைக் காட்டவில்லை.

"எத்தினி வருஷமா தறியில இருக்க?" என்றார் வேதகிரி. நிமிரவில்லை.

"எட்டு வருஷம் சார். நடுவுல ஒரு ஆறு மாசம் போவல. மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் வராம படுத்துட்டாங்க. எடுத்துப் போட்டுப் பாத்துக்க வேற ஆளு இல்ல. வீட்டுக்காரர் போயி ரொம்ப நாளாச்சு, நானும் பொண்ணும்தான். மாமியாரு போனப்புறம் உகாதி கழிச்சு மறுபடி வந்து உக்காந்தேன்."

"ஆறு மாசம் ஊட்டுல இருந்த."

"ஆமா சார்."

"எழுதிக்க ஏகாம்பரம்" என்றார் என்னிடம்.

நான் எழுதினேன். 'விண்ணப்பதாரர் ஆறு மாத காலம் வேலையில் இல்லாததை ஒப்புக்கொள்கிறார்.' என் கையெழுத்து நன்றாக இருக்கும். எந்த ஆறு மாதம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்: அவர் வீட்டில் இருந்தது அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஜனவரியில் வந்த நோய்க்கு நாங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. மாமியாரைப் பார்த்துக்கொண்ட மாதங்களுக்கும் இந்த விண்ணப்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விதி எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்தவன்தான் எழுதினேன்.

வேதகிரி தாளை விரித்து ஸ்கேலை வைத்தார். பென்சில் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் வந்து நின்றது.

"பத்தொம்பது" என்றார் மென்மையாக. "என்னம்மா, பத்தொம்பதுதானே?"

அந்த அம்மாவின் முகத்தில் வலியை மீறி ஒரு சந்தோஷம் வந்தது. "கரெக்டு சார். பத்தொம்பது சேலை அறுத்தேன் அந்த ஆறு மாசத்துல. எங்க கூடத்துல நான்தான் சார் ஜாஸ்தி."

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து எடுப்பதை அறுப்பது என்பார்கள். இந்த ஊரில் பட்டு நெய்கிறவரிடம் எவ்வளவு வேலை செய்தாய் என்று கேட்டால் இத்தனை சேலை, தறியில் நீளவாட்டில் ஏற்றும் பாவு இத்தனை என்றுதான் பதில் வரும். நாளை எண்ணிச் சொல்ல மாட்டார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

"பாத்தியா, அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் வேதகிரி. "எழுபத்தெட்டு வேணும்மா. உனக்குப் பத்தொம்பதுதான் இருக்கு. விதி பேசுது."

"டாக்டர் மூணு மாசம் குனியக் கூடாது, தறியில உக்காரவே கூடாதுன்னாரு சார். நான் நெய்யலன்னா சோத்துக்கு வழி இல்ல. நீங்க குடுத்தாதான் சார் நான் படுக்க முடியும்."

வேதகிரி தாளை மடித்தார். சகுந்தலா கேட்டார்: "அப்ப எழுபத்தெட்டுன்னா, இன்னும் எத்தினி சேலை சார் அறுக்கணும்?"

வேதகிரி சிரித்தார். நானும் சிரித்தேன். நாளைக் கேட்டால் சேலையைச் சொல்கிறதே இந்த அம்மா, இதுகூடப் புரியாமல் இருக்கிறதே என்று சிரித்தேன். அந்த அறையில் புரியாமல் இருந்தது யார் என்று எனக்குத் தெரிய ஐந்து வாரம் ஆனது.

என் மச்சினியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கிளிப்பச்சையில் மாம்பழ நிறக் கரை போட்டுத்தான் சேலை வேண்டும் என்று என் மனைவி பிடிவாதம் பிடித்ததால் கடைக்குப் போனோம். அந்த நிறம் கடையில் இல்லை.

"நெய்யச் சொல்லிக் குடுத்துடறேன்கா" என்றார் கடைக்காரர்.

"நாளன்னிக்குக் கிடைக்குமா?" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துவிட்டார். "அக்கா, இது கையால நெய்றது. ஒரு சேலைக்கே ஒரு வாரம் ஆவும். ஜல்தி வேணும்னா மெஷின் சேலை இருக்குது, எடுத்துகினு போங்க."

எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பாட்டில் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு சேலைக்கு ஒரு வாரம். பத்தொன்பது சேலை. கடையிலேயே உட்கார்ந்து விரல் விட்டுப் பெருக்கினேன். நூற்று முப்பத்து மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளினாலும் நூறைத் தாண்டுகிறது. கேட்பது எழுபத்தெட்டு. ஆரணியில் உட்கார்ந்துகொண்டு, ஆரணிச் சேலை நெய்ய எத்தனை நாள் ஆகும் என்று தெரியாத ஒரு அலுவலகம். அதில் இருபது வருடம் நான்.

"ஏன், விலை ஜாஸ்தின்னு பேஜாராயிட்டீங்களா?" என்றாள் மனைவி. இல்லை என்றேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அந்தக் கூடத்துக்குப் போனேன். வாசலில் ஒரு சின்ன மேஜை போட்டுக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு மாதா மாதம் கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் பதிவு செய்கிறவர் அவர்தான். அவருடைய நோட்டைக் கேட்டேன். ஆள் பெயருக்கு நேரே, அறுத்த சேலைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான் நோட்டு.

"வேலைக்கு வந்த நாள் எங்கய்யா?"

"நாளா? நாளை யாரு சார் எண்றது? சேலை அறுத்தா கூலி. காத்தால வந்தா வருவாங்க, வெயில் சாஞ்சா போவாங்க. பாவு தீந்துச்சுன்னா புதுப் பாவை இழை இழையாப் பிணைச்சுகினு உக்காந்திருப்பாங்க. அதுக்கெல்லாம் நாள் ஏது?"

"எங்க ஃபாரத்துல நாள்னு கேக்குதே. அங்க என்ன போட்றீங்க?"

"நோட்டுல இருக்கிற நம்பரைப் போட்றேன்" என்றார் சாதாரணமாக. "வேற நம்பர் எங்க கிட்ட இல்லியே சார். பத்து வருஷமாப் போட்டுகினு இருக்கேன். உங்க ஆபீஸ்ல யாரும் ஒரு வார்த்தை கேக்கலயே."

"உங்களுக்கு எத்தனை நாள் போடுவீங்க?"

"நான் மாசச் சம்பளம் சார். இருபத்தாறு."

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. நாங்கள் கேட்கவில்லை. மாதம் மூன்று நாள் வேலை செய்து எந்தக் குடும்பமாவது பிழைக்குமா என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நெசவுக்காரர்கள் சோம்பேறிகள் என்று நம்புவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. கணக்கு உதைத்த இடத்தை எல்லாம் அந்த நம்பிக்கையை வைத்து அடைத்துக்கொண்டோம். சகுந்தலா விஷயத்தில் மாமியாரின் நோய் வேறு தானாக வந்து அடைத்துக்கொண்டது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்றாவது தறியில் சகுந்தலா உட்கார்ந்திருந்தார். இடுப்பைச் சுற்றிப் பழைய சேலை ஒன்றை இறுக்கிக் கட்டி, முதுகுக்குப் பின்னால் ஒரு கோணிமூட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்.

"என்னம்மா, மூணு மாசம் படுக்கச் சொன்னாரே டாக்டர்?"

அவர் கை நிற்கவில்லை. "நீங்கதான் சார் இல்லன்னுட்டீங்களே."

அதில் குத்தல்கூட இல்லை. மழை இல்லை என்பது போலச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை இன்றைக்கும் என்னால் வேறு பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை.

"தப்பு எங்க மேலதாம்மா. நான் சரி பண்றேன். நீங்க முதல்ல எழுந்து வீட்டுக்குப் போங்க."

"எப்ப சார் வரும்?"

எங்கள் அலுவலகத்தில் எது எப்போது வரும் என்று எனக்கே தெரியாது.

"நாலு நாளாத்தான் வந்து உக்கார்றேன், சேலை பாதியில நிக்குது சார். அறுத்தாதான் கூலி" என்று சொல்லிவிட்டு நெய்யத் தொடங்கினார். நான் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு நாலாம் நாள் அவர் தறியிலிருந்து எழ முடியாமல் போய், நாலு பேர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பாதிச் சேலையை வேறு ஒருவர் நெய்து அறுத்தார். இவரை மறுபடி வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அறுத்த இடத்திலேயே மறுபடி அறுத்தார்கள். இனி தறி கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கூடத்துக்குப் போய் வந்த அன்று மாலையே நடந்ததை எல்லாம் குறிப்பாக எழுதி வேதகிரியிடம் நீட்டியிருந்தேன். கணக்குப்பிள்ளை சொன்னது, நோட்டில் பார்த்தது, சகுந்தலாவைத் தறியில் பார்த்தது, எல்லாம். அவர் குறிப்புக்குக் கீழேயும் ஸ்கேலை வைத்துத்தான் படித்தார்.

"அந்தம்மாவே பத்தொம்பதுன்னு சொன்னாங்களேய்யா."

"அது சேலை சார்."

"சேலைக் கணக்கு நமக்கு எதுக்கு? நமக்கு நாள் கணக்குதான்."

"அவங்க நமக்குக் குடுத்ததே சேலைக் கணக்குதான் சார்."

"ஏகாம்பரம்" என்றார் மிக மென்மையாக. "முதலாளி குடுத்த பதிவேடு. பதிவேடுன்னா பதிவேடுதான். அதைச் சந்தேகப்பட ஆரம்பிச்சா நாம கடையைச் சாத்திகினு போவ வேண்டியதுதான்."

என் குறிப்பை மடித்து ஃபைலில் வைத்தார். விசிறி அதன் மேல் ஜோராக வீசியது.

உத்தியோகத்தில் நான் செய்த ஒரே ஒரு காரியம் அதற்குப் பிறகு செய்தது. அதற்கு எனக்கு மாலை போட வேண்டாம். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது தேவையே பட்டிருக்காது. கூடத்து முதலாளியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான், பயந்த மனிதர். அந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும், சகுந்தலா ஒருவருக்கு மட்டும், நாட்களைத் திருத்திக் கடிதம் கொடுத்தார். "மத்த பேப்பரை எல்லாம் கிளறாதீங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதை வைத்து, மேலாளரைத் தாண்டி, மண்டல அலுவலகத்துக்கு நானே எழுதினேன். 'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கும் கடிதம். மேலதிகாரியைத் தாண்டியதற்கு எனக்கு ஒரு மெமோ உடனே வந்தது. சகுந்தலாவுக்குத் தகுதி உண்டு என்ற உத்தரவு ஐப்பசியில் வந்தது.

வேதகிரி உத்தரவைப் படித்தார். முகம் மாறவில்லை. ஃபைலைப் பிரித்து என் பழைய குறிப்பை வெளியே எடுத்தார்.

"தகுதி உண்டு, சரி. ஆனா இந்த மூணு மாசத்துல அந்தம்மா வேலைக்குப் போயிருக்காங்களே. வேலை செஞ்ச நாளுக்கு நாம குடுக்க முடியாது. நீயே தறியில பாத்தேன்னு எழுதி இருக்க."

எழுதி இருந்தேன். முதல் தடவை அந்த அம்மா மாமியாரைப் பற்றிச் சொன்ன உண்மையை அவருக்கு எதிராக எழுதினேன். இரண்டாம் தடவை நானே கண்ணால் பார்த்த உண்மையை அவருக்கு எதிராக எழுதிவிட்டேன். கொடுக்காததால் வேலைக்குப் போனார். வேலைக்குப் போனதால் கொடுக்க முடியாது. இந்த மாதிரி ஒரு முடிச்சைப் போட எங்கள் அலுவலகத்தால் மட்டும்தான் முடியும்.

பிறகு கம்ப்யூட்டரில் அந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களை எடுத்து, தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன். அவருடைய ஸ்கேலை நானே எடுத்துச் சகுந்தலாவின் பெயருக்குக் கீழே வைத்தேன்.

"பிப்ரவரியிலிருந்து பாருங்க சார். சைபர். சைபர். சைபர்."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சகுந்தலா ஒரு சேலையும் அறுக்கவில்லை. பாதியில் எழுந்துவிட்டார். அதனால் கணக்குப்பிள்ளையின் நோட்டில் கோடு இல்லை. கோடு இல்லாததால் எங்கள் பதிவேட்டில் நாள் இல்லை.

"நீ கண்ணால பாத்தியேய்யா!" வேதகிரியின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"பதிவேடுன்னா பதிவேடுதான்னு நீங்கதான் சார் சொன்னீங்க. இது தப்புன்னா, அந்தக் கூடத்துப் பதிவேடு மொத்தமும் தப்பு. நீங்க வந்ததுலேருந்து அங்க நெய்றவங்க ஒவ்வொருத்தருக்கும் திரும்ப எண்ணணும். நான் இன்னிக்கே மண்டலத்துக்கு எழுதிடறேன்."

வேதகிரி பென்சிலால் 'சரி' என்று எழுதினார். பிறகு அதன் மேலேயே பேனாவால் எழுதினார். தணிக்கை ஆட்சேபணை இல்லாமல் ஓய்வு பெற வேண்டும் என்ற ஆசை அவருக்கு அவ்வளவு இருந்தது. அப்படியே ஓய்வும் பெற்றார். சந்தன மாலை போட்டோம்.

பெருமையாக இருக்கிறதா? இருங்கள். அந்தக் கூடத்து மற்ற நெசவாளர்களைச் சொல்லி மிரட்டித்தான் ஒருவருக்கு வாங்கினேன். அந்த மற்றவர்களுக்காக நான் மண்டலத்துக்கு எழுதினேனா? இல்லை. இன்னொரு மெமோவைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை, மகள் கல்லூரியில் இருந்தாள். கவுன்ட்டரில் வந்து நிற்பவரிடம் எத்தனை நாள் என்று கேட்காமல் எத்தனை சேலை என்று கேட்டு, நானே பெருக்கிக்கொண்டு, முதலாளியிடம் திருத்தம் வாங்கிவரச் சொல்வேன். அந்த அளவுக்குத்தான் என் வீரம். இப்போது கவுன்ட்டரும் இல்லை. அந்த ஆப் தகுதி இல்லை என்று சொல்லும்போது அதனிடம் யார், எத்தனை சேலை என்று கேட்கப் போகிறார்கள்? மேலாளர் இந்தப் பத்தியை எடுத்துவிட்டு மலரில் போடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

சகுந்தலா கையெழுத்துப் போட வந்த நாளோடு முடித்துக்கொள்கிறேன். பணம் வங்கிக்குத்தான் போகும், ஆனால் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வேணாம் சார். உக்காந்தா எழுந்திருக்க முடியாது."

படிவத்தை மேஜையில் விரித்தேன். அவர் குனிய முடியாமல் நின்றதால், கையில் எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வேதகிரி பக்கத்து மேஜையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த மாசத்துக்கு சார்?"

"பொங்கலுக்கு அப்புறம் மூணு மாசம்மா. அந்த நாள்ல நீங்க வேலைக்குப் போகாம ஓய்வுல இருந்தீங்கன்னு இதுல எழுதி இருக்கு."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "இல்லியே சார். அப்ப நான் தறியில இல்ல இருந்தேன்? நீங்ககூட வந்து பாத்தீங்களே."

வேதகிரியின் பென்சில் நின்றது. அந்த அம்மாவுக்கு உண்மையைத் தவிர வேறு ஒன்றும் சொல்ல வராது என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

"இல்லம்மா" என்றேன். "பதிவேட்டுல நீங்க படுத்துகினு இருந்தீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, மகளின் முதுகில் படிவத்தை வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.